கேளுங்கள், பேசலாம்: வீட்டிலேயே படிப்பு

கேள்வி: ஏழு வயது மகனைப் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டிலேயே படிக்க வைக்கிறோம். தனி மேஜை, வெள்ளைப் பலகை, ஒன்பது மணிக்குத் தமிழ், பத்து மணிக்குக் கணக்கு என்று டைம்டேபிள் எல்லாம் போட்டாயிற்று. ஆனால் பதினோரு மணிக்குள் அவன் அழுதுவிடுகிறான், நான் கத்திவிடுகிறேன். என்னதான் செய்வது? - ஒரு வாசகி

பதில்: முதலில் அந்த டைம்டேபிளைச் சுவரிலிருந்து எடுத்துவிடுங்கள். பள்ளியில் ஒரு பீரியட் முக்கால் மணி நேரம் என்றால் அதில் வருகைப் பதிவு, நோட்டு திருப்பிக் கொடுப்பது, பின் பெஞ்சில் பேசுகிறவனை அதட்டுவது, மெதுவாக எழுதுகிறவன் முடிக்கும்வரை மற்றவர்கள் சும்மா உட்கார்ந்திருப்பது எல்லாம் அடக்கம். எதிரில் ஒரே பிள்ளை இருக்கும்போது அதே பாடம் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும், மிச்ச நேரத்துக்கும் அவனைப் பிடித்து வைத்திருப்பதால்தான் இந்தச் சண்டை. ஏழு வயதுக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை, மிஞ்சினால் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து படித்தால் தாராளம், அதையும் விட்டு விட்டுத்தான். வீட்டில் பாடம் சொல்லும் பெற்றோருக்காக நிறைய எழுதிய இங்கிலாந்துக் கல்வியாளர் சார்லட் மேசன் (1842-1923), சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு பாடம் இருபது நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்றார். கவனம் போன பிறகும் உட்கார வைத்தால், கவனமில்லாமல் உட்காரத்தான் பிள்ளை பழகும் என்பது அவர் வாதம். எனக்கும் அது சரியென்றே படுகிறது.

அவன் பள்ளியை வெறுத்து வெளியே வந்தவன் என்றால் உடனே பாடத்தில் இறங்காதீர்கள். சில வாரங்கள் கதை வாசித்துக் காட்டுங்கள், வெளியே கூட்டிப் போங்கள், எதையாவது பிரித்துப் போட்டு மாட்ட விடுங்கள். (ஓய்வு என்றால் நாள் முழுக்கச் செல்போன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், அது வேறு தலைவலி.) அப்புறம் வாசிப்பு, கணக்கு என்று இரண்டே இரண்டை மட்டும் தினமும் வைத்துக்கொள்ளுங்கள். அறிவியலும் வரலாறும் நீங்கள் சத்தமாக வாசிப்பதிலும் அவன் கேட்கிற கேள்வியிலும் வந்துகொண்டே இருக்கும், இந்த வயதில் அவற்றுக்குத் தனி நோட்டு போடத் தேவையில்லை.

தமிழ் வாசிப்பு இன்னும் வராவிட்டால் 247 எழுத்தையும் வரிசையாக ஒப்பிக்க வைத்து அவனைச் சோர்வாக்காதீர்கள். ட, ப, ம மூன்றும் எழுதச் சுலபமான எழுத்துகள். அவற்றோடு புள்ளியை மட்டும் சொல்லிக்கொடுத்தால் அன்றைக்கே படம், மடம், பட்டம் வாசித்துவிடுவான். அப்புறம் துணைக்கால் ஒன்றைச் சொல்லிக்கொடுங்கள், பாடம், மாடம், மாமா என்று அடுத்த வாரம் நீளும். தானாக ஒரு வார்த்தையைப் படித்துவிட்ட பிள்ளை அடுத்ததைத் தேடிக்கொண்டு வரும்.

கேள்வி: வீட்டில் படிக்க வைக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறதா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

பதில்: ஆளுக்கு ஒன்று சொல்வதில் ஆச்சரியமில்லை, நாட்டுக்கு நாடு விதி வேறு. ஜெர்மனியில் பள்ளிக்கு அனுப்புவது கட்டாயம், மிக அரிதான விதிவிலக்கைத் தவிர வீட்டுக் கல்விக்கு இடமே கிடையாது. பிரான்சில் 2022-லிருந்து முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். அமெரிக்காவில் 50 மாநிலங்களிலும் சட்டப்படி செய்யலாம், ஆனால் சில மாநிலங்களில் யாருக்கும் தகவல்கூடச் சொல்ல வேண்டியதில்லை, நியூயார்க் போன்ற இடத்தில் பாடத்திட்டம், வருடாந்தர மதிப்பீடு என்று எல்லாம் கேட்பார்கள். இந்தியாவில் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாக 14 வயது முடிந்தவர்கள் பள்ளிக்குப் போகாமலே பத்தாம் வகுப்புத் தேர்வு எழுத முடியும். ஆகவே நீங்கள் இருக்கும் ஊரின் கல்வித் துறை விதியை அவர்கள் வாயாலோ எழுத்தாலோ கேட்டுத் தெரிந்துகொள்ளும்வரை பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தாதீர்கள். நிறுத்தும்போதும் எழுத்தில் கொடுத்து, ஒரு நகல் வைத்துக்கொண்டு, பள்ளி தரவேண்டிய சான்றிதழ்களைக் கையோடு வாங்கிவிடுங்கள், பின்னால் திரும்பச் சேர்க்க நேர்ந்தால் அதைத்தான் கேட்பார்கள்.

கேள்வி: கணக்கு என்றாலே எனக்குப் பயம். மகள் 52-லிருந்து 27-ஐக் கழித்தால் 35 என்கிறாள், எத்தனை தடவை சொன்னாலும் அதே 35. நானெல்லாம் எப்படிச் சொல்லிக்கொடுப்பது? - ஒரு அப்பா

பதில்: அவள் குருட்டாம்போக்கில் சொல்லவில்லை, கவனித்தீர்களா? 2-லிருந்து 7 போகாது, அதனால் 7-லிருந்து 2-ஐக் கழித்து 5 போட்டாள், 5-லிருந்து 2 போனால் 3, ஆக 35. ஒவ்வொரு இடத்திலும் பெரியதிலிருந்து சின்னதைக் கழிக்கிறாள், அவ்வளவுதான். இதை எத்தனை தடவை விளக்கினாலும் காதில் ஏறாது, கையால் செய்ய வேண்டும். குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுங்கள். ஐந்து கட்டு, இரண்டு உதிரிக் குச்சி, இதுதான் 52. இதிலிருந்து 27 குச்சி எனக்குக் கொடு என்று கையை நீட்டுங்கள். இரண்டு கட்டை உடனே கொடுத்துவிடுவாள். இன்னும் ஏழு வேண்டும், உதிரியாக இருப்பதோ இரண்டு. அங்கே நிற்பாள், உங்கள் முகத்தைப் பார்ப்பாள், நீங்கள் தயவுசெய்து வாயைத் திறக்காதீர்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு கட்டை அவளே பிரிப்பாள். பன்னிரண்டு உதிரியில் ஏழு போனால் ஐந்து, கட்டு இரண்டு, 25. இதே மாதிரி நாலைந்து கணக்கு குச்சியில் போட்ட பிறகு தாளில் 5-ஐ அடித்து 4 ஆக்குவது ஏன் என்று நீங்கள் சொல்லவே வேண்டியிருக்காது. உங்கள் பயத்தைப் பற்றிக் கேட்டீர்கள், இந்த வயதுக் கணக்குக்கு வீட்டில் பெரிய மேதை யாரும் வேண்டாம். தப்பு எங்கே பிறக்கிறது என்று பொறுமையாகப் பார்க்கிற ஆள் போதும்.

கேள்வி: பேத்திக்கு எட்டு வயது, வீட்டில்தான் படிக்கிறாள். பரீட்சையே இல்லாமல் அவள் தேறுகிறாளா என்று எப்படித் தெரியும்? - ஒரு தாத்தா

பதில்: ஐயா, தினமும் பத்து நிமிடம் அவள் வாசிக்கக் கேளுங்கள், மார்க் ஷீட்டில் தெரியாததெல்லாம் தெரியும். மாதம் ஒரு முறை யார் உதவியும் இல்லாமல் அரைப் பக்கம் எழுதச் சொல்லி, தேதி போட்டு ஒரு ஃபைலில் வையுங்கள், ஆறு மாதம் கழித்து முதல் தாளையும் கடைசித் தாளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விசேஷத்துக்கு வருகிற உறவினர்கள் பதினேழாம் வாய்ப்பாடு கேட்டுச் சோதிப்பார்கள், அந்தக் கேள்வியை நீங்களே வாங்கிக்கொண்டு அவர்களைத் திருப்பிக் கேளுங்கள், முக்கால்வாசிப் பேருக்கு வராது. ஒரு விஷயத்தில் மட்டும் அசட்டையாக இருக்காதீர்கள். எட்டு வயதிலும் எழுத்துக்கூட்டத் தடுமாறினால், போகப் போகச் சரியாகிவிடும் என்று தள்ளிப்போடாமல் கண், காது இரண்டையும் பரிசோதித்து, டிஸ்லெக்சியா (எழுத்துகளை வாசிப்பதில் வரும் கற்றல் குறைபாடு) இருக்கிறதா என்றும் நிபுணரிடம் காட்டிவிடுங்கள். பள்ளியில் இருந்தால் ஒரு ஆசிரியராவது இதைக் கவனித்துச் சொல்லியிருப்பார், வீட்டில் அதைச் சொல்ல உங்களைத் தவிர ஆளில்லை.

கேள்வி: நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். எங்களால் முடியுமா?

பதில்: பாடம் காலையில்தான் நடக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை, சாயங்காலம், சனி, ஞாயிறு எல்லாம் செல்லும். சிக்கல் பாட நேரமல்ல, மிச்ச பகல். யார் கூட இருப்பார்கள், யார் மற்ற பிள்ளைகளோடு விளையாடக் கூட்டிப்போவார்கள் என்பதற்குப் பதில் இருக்க வேண்டும். இருவரும் ஷிஃப்ட் மாற்றிப் பார்த்துக்கொள்ள முடிந்தால், அல்லது வீட்டில் ஒரு பெரியவர் மனசாரச் சம்மதித்தால் தொடங்குங்கள். சம்மதிக்காத பாட்டியின் தலையில் கட்டாதீர்கள். யாருமே இல்லையென்றால் இந்த வருடம் பள்ளியிலேயே இருக்கட்டும், நீண்ட விடுமுறையில் ஒரு மாதம் வீட்டுப் பாடம் நடத்திப் பாருங்கள், உங்களுக்கு ஒத்துவருமா என்பது அதிலேயே பாதி தெரிந்துவிடும்.