பில்லிங் மென்பொருளில் மெனு குழப்பம்: புது வெர்ஷன் வாங்கத்தான் வேண்டுமா?

கேள்வி: ஈரோட்டில் ஜவுளி மொத்த வியாபாரம் செய்கிறோம். பில் போடும் மென்பொருளில் வருடாவருடம் ஏதாவது சேர்த்துச் சேர்த்து இப்போது மேலே ஒன்பது மெனு நிற்கிறது. ரிப்போர்ட் மட்டுமே மூன்று மெனுக்களில் இருக்கிறது. கவுண்டரில் இருப்பவர்கள் ‘பில் பிரின்ட்’ எடுக்கப் போய், அதற்கு நேர் கீழே இருக்கும் ‘பில் கேன்சல்’ மீது அழுத்திவிடுகிறார்கள். டீலரைக் கேட்டால், “புது வெர்ஷன் போட்டுக்குங்க, எல்லாமே ஐகானா வந்துடும்” என்று 45,000 ரூபாய் சொல்கிறார். மெனுவை மட்டும் சரிசெய்ய முடியாதா?

பதில்: முடியும். பணம் பெட்டியிலேயே இருக்கட்டும்.

மெனு என்பது வெறும் பெயர்ப் பட்டியல். வேலையைச் செய்யும் நிரல் ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் தனியாக இருக்கிறது. பெயரை ஓரிடத்திலிருந்து எடுத்து வேறிடத்தில் வைத்தால் அந்த நிரல் மாறாது. மூல நிரல், அதாவது மென்பொருளை எழுதிய அசல் வரிகள், கையில் இருப்பவருக்கு இது பெரிய வேலையே இல்லை. டீலர் மழுப்புகிறார் என்றால் பெரும்பாலும் அந்த மூல நிரல் அவரிடம் கிடையாது. எழுதியவர் ஒருவர், விற்பவர் இன்னொருவர். அதனால் விலை பேசுவதற்கு முன்னால், மாற்றத்தை யார் செய்யப்போகிறார் என்று கேளுங்கள். ஏ.எம்.சி. என்று வருடாவருடம் பராமரிப்புக் கட்டணம் வாங்குகிறாரே, அதில் இது அடங்குமா என்றும் கேளுங்கள். அடங்காது என்றுதான் சொல்வார். அதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஐகான் ஆசையில் விழ வேண்டாம். ஒழுங்கில்லாத அறுபது கட்டளைகளுக்கு அறுபது படம் ஒட்டினால் ஒழுங்கில்லாத அறுபது படங்கள்தான் மிஞ்சும். அதில் பத்து, ஏதோ ஒரு காகிதத்தின் படமாகவே இருக்கும்.

சரி, எப்படி அடுக்குவது? எல்லாக் கட்டளைகளையும் துண்டுச் சீட்டுகளில் எழுதி மேசைமேல் பரப்புங்கள். கவுண்டரில் இருப்பவரையே கூப்பிட்டு, எதையெல்லாம் ஒன்றாகத் தேடுவார் என்று பிரித்து வைக்கச் சொல்லுங்கள். நீங்களும் டீலரும் வாயைத் திறக்கக் கூடாது. விற்பனை, கொள்முதல், இருப்பு, கணக்கு, ரிப்போர்ட் என்று ஐந்தாறு குவியல் வரும். ‘யுடிலிட்டீஸ்’ என்ற பெயரில் ஒரு குவியல் வந்தால் அதைக் கலைத்து மறுபடி பிரியுங்கள். அது சமையலறையில் ரப்பர் பேண்டும் பழைய சாவியும் கிடக்கும் டிராயர் மாதிரி. எல்லா மென்பொருளும் அங்கிருந்துதான் கெட ஆரம்பிக்கிறது.

ரிப்போர்ட் மூன்று இடத்தில் இருப்பதற்குக் காரணம், பாதி மெனு வேலையை (விற்பனை, கொள்முதல்) வைத்தும் பாதி மெனு கிடைக்கும் பொருளை (ரிப்போர்ட்) வைத்தும் பிரிக்கப்பட்டிருப்பது. ஏதாவது ஒரு முறையைப் பிடியுங்கள். எல்லா ரிப்போர்ட்டும் ரிப்போர்ட் மெனுவில் என்றால் விற்பனை ரிப்போர்ட்டும் அங்கேதான். அதேபோல் ஓரிடத்தில் ‘டெலிட்’, இன்னோரிடத்தில் ‘ரிமூவ்’, வேறோரிடத்தில் ‘நீக்கு’ என்று இருக்கக் கூடாது. ஒரு வேலைக்கு ஒரு பெயர்.

ஃபைல் முதலில், எடிட் அடுத்து, ஹெல்ப் கடைசியில், வெளியேறும் கட்டளை ஃபைல் மெனுவின் அடியில் என்பதெல்லாம் விண்டோஸ் பயனர்களின் கையில் ஊறிப்போன வரிசை. மென்பொருள் திரைகளுக்காக 1987-இல் ஐபிஎம் வெளியிட்ட பொது விதிகளிலிருந்து வளர்ந்த பழக்கம் இது. அதை மாற்றி யாரும் புதுமை செய்ய வேண்டியதில்லை.

இனி உங்கள் கேன்சல் பிரச்சினை. பிரின்டும் கேன்சலும் அடுத்தடுத்த வரியில் இருந்தால், மவுஸ் விரல்கடை நகர்ந்தாலே போதும், பில் போச்சு. கேன்சலை மெனுவின் அடிக்கு இறக்கி, மேலே ஒரு கோடு போடச் சொல்லுங்கள். பெயருக்குப் பின்னால் மூன்று புள்ளி வைக்கச் சொல்லுங்கள். மூன்று புள்ளி என்றால், அழுத்தியதும் வேலை நடந்துவிடாது, இன்னும் ஏதோ கேட்கும் என்று பொருள். இங்கே அது ரத்துக்கான காரணத்தைக் கேட்கட்டும். ‘உறுதியா?’ என்று மட்டும் கேட்கும் பெட்டியை நம்பாதீர்கள். இரண்டாம் நாளே படிக்காமல் என்டர் தட்டுவார்கள்.

‘பில் டெலிட்’ என்றும் ஒன்று இருந்தால் அதை எடுத்துவிடுங்கள். ஜிஎஸ்டி விதிப்படி பில் எண் தொடர் வரிசையில் ஓட வேண்டும். ரத்து செய்யலாம், ஆனால் எண் இருக்க வேண்டும். உங்களுடையது பதிவு செய்த கம்பெனி என்றால், 2023 ஏப்ரல் 1 முதல் கணக்கு மென்பொருளில் திருத்தப் பதிவு (எதை, எப்போது மாற்றினார்கள் என்று காட்டும் எடிட் லாக்) கட்டாயம். அதை அணைக்கவே முடியாதபடி இருக்க வேண்டும். “எடிட் லாக் ஆஃப் பண்ற ஆப்ஷன் மெனுவுல வெச்சுத் தரேன் சார்” என்று ரகசியமாகச் சலுகை காட்டும் ஆட்கள் இருக்கிறார்கள். ஆடிட்டர் முன்னால் உட்காரப்போவது அவர்கள் அல்ல.

அடுத்து, இப்போதைக்குப் பயன்படாத கட்டளையை மறைக்க வேண்டாம், மங்கலாக்கினால் போதும். பில் எதுவும் திறக்காதபோது பிரின்ட் சாம்பல் நிறத்தில் நிற்கட்டும். அது அங்கேதான் இருக்கிறது என்பது ஊழியருக்குத் தெரிய வேண்டும். ‘அடிக்கடி பயன்படுத்துவது தானாகவே மேலே வரும்’ என்ற ஸ்மார்ட் மெனுவும் வேண்டாம். ஆபீஸ் 2000-இல் மைக்ரோசாஃப்ட் அதிகம் தொடாத கட்டளைகளை மறைத்து வைத்துப் பார்த்தது. இருந்த கட்டளையைக் காணோம் என்று ஜனங்கள் தேடியதுதான் மிச்சம்.

மறைக்க வேண்டாம் என்றதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, உங்களுக்கு அதுதான் முக்கியம். இப்போதைக்கு இல்லை என்பது வேறு, இவருக்கு எப்போதுமே இல்லை என்பது வேறு. லாப ரிப்போர்ட்டைக் கவுண்டர் ஊழியர் என்றைக்கும் திறக்கப்போவதில்லை. அதை மங்கலாகக் காட்டினால், நமக்குத் தெரியக் கூடாதது ஒன்று இருக்கிறது என்று தினமும் நினைவூட்டுவதுதான் நடக்கும். அவருடைய லாகினில் அந்த வரியே இருக்கக் கூடாது. ஆனால் மெனுவில் மறைத்ததாலேயே கதவு பூட்டிவிட்டது என்று எண்ணாதீர்கள். பல மென்பொருள்களில் மெனு வரி மறைந்த பிறகும் அதன் குறுக்குவிசை (மெனுவுக்குப் போகாமல் கீபோர்டில் நேரடியாகத் தட்டும் ஷார்ட்கட்) வேலை செய்யும். கவுண்டர் லாகினில் நுழைந்து, மறைத்த கட்டளைகளின் குறுக்குவிசைகளை ஒவ்வொன்றாக நீங்களே தட்டிப் பாருங்கள். ரிப்போர்ட் திறந்தால், டீலர் போட்டது திரைச்சீலை, பூட்டு அல்ல. அனுமதிச் சோதனை கட்டளையின் நிரலுக்குள்ளேயே இருக்க வேண்டும். அந்த லாகினில் மாதக்கடைசி கூடுதல் பொறுப்பு பார்ப்பவர் இருந்தால் அவருக்குத் தனி லாகின் கொடுங்கள். ஒரே லாகினில் மெனு வந்து வந்து மறையக் கூடாது.

இவ்வளவு சின்ன விஷயத்துக்கு இத்தனை பாடு ஏன் என்றால், கொட்டேஷனில் எத்தனை மாட்யூல், எத்தனை ரிப்போர்ட் என்று எண்ணித்தான் நம் ஊரில் மென்பொருள் வாங்குகிறார்கள். எண்ணிக்கைக்குத்தான் விலை என்னும்போது, மெனுவை யார் குறைப்பார்கள்?

தீபாவளி விற்பனை நேரத்தில் மாற்ற வேண்டாம். கூட்டமில்லாத வாரமாகப் பாருங்கள். பழைய இடம், புது இடம் என்று ஒரு தாள் அச்சிட்டுக் கவுண்டரில் ஒட்டுங்கள். குறுக்குவிசை ஒன்றுகூட மாறக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். முந்தைய நாள் மறக்காமல் பேக்கப் எடுங்கள். அது எந்த மெனுவில் இருக்கிறது என்று டீலரிடமே ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.