சம்பளத்துக்காக மட்டுமா?

கேள்வி: என் மகன் வங்கியில் அதிகாரியாகச் சேர்ந்து இரண்டு ஆண்டு ஆகிறது. "வேலை பிடிக்கவில்லை, விட்டுவிடப் போகிறேன்" என்கிறான். "உலகத்தில் எவன் வேலையை ரசித்துச் செய்கிறான்? எல்லோரும் சம்பளத்துக்காகத்தான் செய்கிறார்கள்" என்று சத்தம் போட்டேன். நான் 31 ஆண்டு அரசு பஸ் ஓட்டியவன். ரசித்து ஓட்டுகிறாயா என்று என்னை ஒருவரும் கேட்டதில்லை. எஞ்சின் சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவேன் என்று டெப்போவில் எனக்குப் பெயர் உண்டு. அப்படி உழைத்துத்தான் அவனைப் படிக்க வைத்தேன். நான் சொன்னது தவறா?
— வாசகர், விருதுநகர் மாவட்டம்

பதில்: தவறுதான் ஐயா. அதற்குச் சாட்சி உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது.

சம்பளத்துக்காக மட்டுமே ஓட்டுகிறவர் எஞ்சின் சத்தத்துக்குக் காது கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை. வண்டி இழுக்கவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். மற்றதை மெக்கானிக் பார்த்துக்கொள்வார். நீங்கள் காது கொடுத்தீர்கள். அதனால் கூடுதலாக ஒரு ரூபாயும் வந்திருக்காது. ஓய்வு பெற்ற பிறகும், மகனைப் பற்றிய கடிதத்தின் நடுவில், அந்தப் பெயரை எழுத உங்களுக்குத் தோன்றியிருக்கிறது. ரசிக்காத வேலையைப் பற்றி எவரும் இப்படி எழுதுவதில்லை. ஒருவரும் கேட்கவில்லை என்பது உண்மையாக இருக்கலாம். கேட்கவில்லை என்பதால் ரசிக்கவில்லை என்று ஆகிவிடாது.

நீங்கள் வெறுத்தவையும் இருந்திருக்கும். ஓட்டுநர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்: ஆள் இல்லை என்று தலையில் கட்டப்படும் டபுள் டூட்டி, போட்டுக் கொடுத்த நேரத்துக்குள் ஊர் போய்ச் சேரவே முடியாத ரன்னிங் டைம், தங்கை கல்யாணத்துக்கு லீவு கேட்டு அலுவலக வாசலில் கை கட்டி நிற்பது. வேலை ஒன்று, அந்த வேலையை வாங்குகிற விதம் வேறொன்று. இரண்டாவது கசந்துபோகும்போதும் "வேலை பிடிக்கவில்லை" என்றுதான் நம் வாயில் வருகிறது. உங்கள் மகன் எதைச் சொல்கிறார் என்று கேட்டீர்களா? கேட்காமலேயே சத்தம் போட்டுவிட்டீர்கள்.

இன்று வங்கியில் இருப்பவர்களிடம் பேசிப் பாருங்கள். ஒரு விவசாயியின் சிட்டாவையும் அடங்கலையும் வைத்துக்கொண்டு இவருக்கு எவ்வளவு கடன் கொடுக்கலாம் என்று கணக்குப் போடுவதை அவர்கள் குறை சொல்வதில்லை. மாலை ஆனதும் மேலிடத்திலிருந்து போன் வருகிறது: இன்று எத்தனை இன்சூரன்ஸ் பாலிசி, எத்தனை கிரெடிட் கார்டு? பென்ஷன் வாங்க வந்த பெரியவரிடம் அவருக்குத் தேவையே இல்லாத பாலிசியை விற்றால்தான் அன்றைய டார்கெட் முடியும் என்றால், மனசாட்சி உள்ள பிள்ளைக்கு அந்த இடம் கசக்கத்தான் செய்யும். உங்கள் மகனின் கசப்பு இதுதான் என்றால், இடமாற்றம் கேட்கலாம், சங்கத்தில் பேசலாம், வேறு வங்கிக்கு முயலலாம். கணக்கும் காகிதமுமே அவருக்கு ஒட்டவில்லை என்றால், வயது இருக்கும்போதே மாறிக்கொள்ளட்டும்; அடுத்த வேலையின் உத்தரவு கைக்கு வந்த பிறகு ராஜினாமாக் கடிதம் கொடுக்கட்டும். அதைச் சொல்வதற்கு அப்பாவுக்கு உரிமை உண்டு.

ஒரே ஆளிடம் மகிழ்ச்சியும் கசப்பும் சேர்ந்தே இருப்பதைப் பார்க்க வேண்டுமா? முகூர்த்த சீசனில் பெரிய ஜவுளிக்கடை ஒன்றின் பட்டுப் பிரிவில் ஓரமாக நில்லுங்கள். கல்யாணப் புடவை எடுக்க ஏழெட்டுப் பேர் வந்திருப்பார்கள். மாமியாராகப் போகிறவருக்கு அரக்கு வேண்டும். அத்தைக்கு ஜரிகை அகலமாக வேண்டும். கட்டப்போகிற பெண் வாயைத் திறக்க மாட்டாள். அனுபவமுள்ள விற்பனைப் பெண் மற்றவர்களுக்குப் புடவைகளை விரித்துக் காட்டிக்கொண்டே, கல்யாணப் பெண்ணின் கண்ணைக் கவனித்துக்கொண்டிருப்பார். அந்தப் பார்வை எந்தப் புடவையில் ஒரு நொடி கூடுதலாக நின்றதோ, அதைச் சத்தமில்லாமல் ஓரமாக மடித்து வைத்துவிடுவார். எல்லோரும் பேசிக் களைத்த பிறகு, அதை எடுத்து அந்தப் பெண்ணின் தோளில் போட்டுக் கண்ணாடிப் பக்கம் திருப்புவார். அத்தையும் மாமியாரும் அடங்கிவிடுவார்கள். அப்போது விற்பனைப் பெண்ணின் முகத்தில் வரும் சிரிப்பு சம்பளத்துக்காக வருவது அல்ல.

அதே பெண்ணின் கால்களையும் பாருங்கள். காலையில் கடை திறந்தது முதல் இரவு வரை நின்ற கால்கள். கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு புடைத்திருக்கும். வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் உட்காரக் கூடாது என்பது பல கடைகளில் எழுதாத சட்டம். மேற்பார்வையாளர் அந்தப் பக்கம் திரும்பும்போது அலமாரியில் ஒரு கணம் சாய்ந்துகொள்வார். கழிப்பறைக்குப் போகக் கேட்க வேண்டியிருக்கிறதே என்று தண்ணீரைக் குறைத்துக்கொள்ளும் பெண்கள் உண்டு.

கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் விஜி என்ற தையல் தொழிலாளி, கடைகளில் வேலை பார்க்கும் பெண்களைத் திரட்டிப் 'பெண்கூட்டு' என்ற அமைப்பைத் தொடங்கினார். கழிப்பறை கேட்டார்கள், பிறகு உட்கார உரிமை கேட்டார்கள். கேரளம் 2018இல் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடு 2021இல், 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை வசதி தர வேண்டும் என்று சேர்த்தது. மனிதர் உட்காரலாம் என்பதற்கு நாம் 2021 வரை காத்திருந்தோம் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. ஒரு ஸ்டூல் போட்டதால் எந்தக் கடையும் மூழ்கிவிடவில்லை.

இது புதிய சண்டையும் அல்ல. 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தபோது, பக்கிங்காம்–கர்னாடிக் ஆலைத் தொழிலாளர்கள் முன்வைத்த முதல் குறைகளில் ஒன்று, நண்பகல் சாப்பாட்டுக்கு விடும் அரை மணி நேரம் போதவில்லை என்பது. நெய்வது பிடிக்கவில்லை என்று அவர்கள் சொல்லவில்லை. சோற்றை நிதானமாக விழுங்க நேரம் கேட்டார்கள். செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் வாடியாவும் திரு.வி.க.வும் அவர்களுக்காகப் பேசினார்கள். ஒரு நூற்றாண்டு கழித்து, 2023 ஏப்ரலில், 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் நம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்புக்குப் பிறகு மே தினத்தன்று அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். எவ்வளவு பிடித்த வேலையும் பதினோராவது மணி நேரத்தில் பிடிக்காது.

எல்லா வேலையிலும் ஏதோ ஒரு மகிழ்ச்சி இருக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். பாதுகாப்புச் சாதனங்கள் இல்லாமல் கழிவுநீர்த் தொட்டிக்குள் ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. இருந்தும் இறக்குகிறார்கள், செத்துப்போகிறார்கள். இறந்தவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023இல் சொல்ல வேண்டியிருந்தது. அங்கே ரசனையைப் பற்றிப் பேசுவதே பாவம். அந்த வேலையை இயந்திரம் செய்யட்டும்.

உங்கள் கருத்தில் ஒரு நியாயம் உண்டு. "பிடித்துத்தானே செய்கிறாய்" என்று சொல்லிக் கூலியைக் குறைப்பவர்களிடம், சம்பளத்துக்காகத்தான் செய்கிறோம் என்று நிமிர்ந்து சொல்வது அவசியம். காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலையில், உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில் சேர வேண்டும். அதற்கு ஒரே தறியில் இரண்டு பேர் உட்கார்ந்து நாடா தள்ள வேண்டும். கூலி என்னவோ சேலைக்கு இவ்வளவு என்றுதான் பேச்சு. பக்கத்தில் மனைவி உட்கார்ந்தால், அவருடைய உழைப்பும் அந்தக் கூலிக்குள்ளேயே கரைந்துவிடும். கலை, பாரம்பரியம் என்று மேடையில் புகழ்கிறார்கள். அந்த இரண்டாவது ஆளின் கூலியைப் பேசுவதில்லை.

1975இல் தொடங்கிய அங்கன்வாடித் திட்டத்தின் பெண்களும் அப்படித்தான். தாய்மை, சேவை என்று மாலை போட்டுவிட்டு, மாதச் சம்பளம் என்று சொல்லாமல் மதிப்பூதியம் கொடுக்கிறார்கள். அவர்களுக்கும் பணிக்கொடை பெற உரிமை உண்டு என்று 2022இல் உச்ச நீதிமன்றம்தான் சொல்ல வேண்டியிருந்தது. குழந்தைகளை அவர்கள் நேசிக்கிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்த நேசத்தைக் காட்டி அரசு பணம் மிச்சம் பிடிப்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

ஆகவே, உங்கள் மகனுக்கு நாளை மனதுக்குப் பிடித்த வேலை கிடைத்தால், சந்தோஷமாகப் போகச் சொல்லுங்கள். நேர்முகத் தேர்வில் சம்பளப் பேச்சு வரும்போது மட்டும், இந்த வேலை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்பதை அவர் சொல்ல வேண்டாம். சந்தை நிலவரத்தை விசாரித்துக்கொண்டு போய், தொகையைத் தெளிவாகச் சொல்லிக் கேட்கட்டும்.