ஈறில் ரத்தம் வந்தால் சர்க்கரையையும் பாருங்கள்: வாசகர் கேள்விகள், பல் மருத்துவர்களின் பதில்கள்

கேள்வி: எனக்கு 52 வயது. ஏழு வருடமாகச் சர்க்கரை. மக்களைத் தேடி மருத்துவத்தில் கொடுக்கும் மாத்திரையைத் தவறாமல் போடுகிறேன், சாதத்தையும் குறைத்துவிட்டேன். ஆனாலும் ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (HbA1c) 8.4-ஐ விட்டு இறங்கவில்லை. பல் தேய்த்தால் ஈறில் ரத்தம் வருகிறது. கீழ் முன்பற்கள் லேசாக ஆடுகின்றன. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா?
(வாசகர், தண்டையார்பேட்டை)

பதில்: உண்டு, அதுவும் இரண்டு பக்கமாகவும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் கிருமியோடு போராடும் வெள்ளையணுக்கள் மந்தமாகும், ஈறிலுள்ள நுண்ணிய ரத்தக் குழாய்கள் பழுதாகும், புண் ஆறுவது தள்ளிப்போகும். ஈறு அழற்சியிலிருந்து ரத்தத்தில் கலக்கும் பொருள்களோ இன்சுலின் வேலை செய்வதைத் தடுக்கின்றன. ஒன்று மற்றதை வளர்த்துவிடுகிறது.

பல்லில் படியும் கிருமிப் படலத்தைப் பிரஷ் எடுத்துவிடும். விட்டுவிட்டால் எச்சிலில் இருக்கும் கால்சியம் சேர்ந்து சில நாட்களிலேயே காரையாக இறுகத் தொடங்கும். பிறகு எந்தப் பிரஷுக்கும் அது அசையாது. காரை ஈறுக்குக் கீழே இறங்கும்போது ஈறு பல்லை விட்டு விலகி, நடுவில் ஒரு பை உண்டாகிறது. 1 முதல் 3 மில்லிமீட்டர் ஆழம் என்றால் இயல்பு. 4-ஐத் தாண்டினால் உள்ளே கிருமி தங்கிவிடும். அதற்குப் பிறகு பல்லைத் தாங்கும் எலும்பு கரையும். உங்கள் பல் ஆடுவதைப் பார்த்தால் அந்தக் கட்டம் தொடங்கிவிட்டது போலத் தெரிகிறது. வலி இல்லையே என்று இருந்துவிடாதீர்கள். இந்த நோய் பெரும்பாலும் வலிக்காமல்தான் வளரும்.

பல் டாக்டரிடம் ‘க்ளீனிங்’ என்று மட்டும் கேட்காதீர்கள். ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஆறு இடங்களில் பையின் ஆழத்தை அளந்து எழுதச் சொல்லுங்கள், எக்ஸ்ரேயில் எலும்பையும் பார்க்கச் சொல்லுங்கள். பை ஆழமாக இருந்தால் மேலோட்டமாகக் காரை எடுப்பது போதாது. மரத்துப்போகும் ஊசி போட்டு, ஈறுக்கு அடியில் வேரைச் சுரண்டிச் சுத்தம் செய்ய வேண்டும். இரண்டு முதல் நான்கு தடவை போக வேண்டியிருக்கும். ஆறு முதல் எட்டு வாரத்தில் மறுபடி அளக்க வேண்டும். அதன்பின் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய்வருவது நல்லது. நடுவில் நிறுத்துவதால்தான் பலருக்கு நோய் திரும்புகிறது.

ஈறு சிகிச்சைக்குப் பிறகு மூன்று மாதச் சராசரி பொதுவாக 0.3 முதல் 0.5 வரை குறைவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. இதை நம்பி மாத்திரையை நீங்களாகக் குறைத்துவிடக் கூடாது. சிகிச்சைக்குப் போகிற அன்று காலைச் சாப்பாடும் மாத்திரையும் வழக்கம்போல முடித்துவிட்டுப் போங்கள். வெறும் வயிற்றோடு வந்து நாற்காலியிலேயே சர்க்கரை இறங்கி மயங்குகிறவர்கள் உண்டு.

சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கிறது. கடற்கரை நிலையத்துக்கு அடுத்த நிறுத்தம் அது. புறநோயாளிச் சீட்டு வாங்கக் காலையிலேயே போய்விடுங்கள். ஈறுக்கென்று அங்கே தனிப் பிரிவு உண்டு.

கேள்வி: மாரடைப்பு வந்து அப்பாவுக்கு இதய ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்து ஒரு வருடம் ஆகிறது. ரத்தம் உறையாமல் இருக்க இரண்டு மாத்திரையும் பிரஷருக்கு அம்லோடிபினும் சாப்பிடுகிறார். இப்போது ஈறு தடித்து, பல்லை மூடிக்கொண்டு வளர்கிறது. ஈறு நோயால்தான் மாரடைப்பே வந்தது என்று தெரிந்தவர் சொல்கிறார். காரை எடுக்க மாத்திரையை நிறுத்த வேண்டுமா?
(வாசகி, பெரம்பூர்)

பதில்: முதலில், மாத்திரையை நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது. காரை எடுக்கும்போது வரும் ரத்தத்தைப் பஞ்சு வைத்து அழுத்தி நிறுத்திவிடலாம். மாற்றம் ஏதும் தேவையா என்று இதய டாக்டர் மட்டுமே முடிவு செய்ய வேண்டும்.

ஈறு நோய் உள்ளவர்களுக்கு இதய நோய் அதிகம் காணப்படுவது உண்மை. ஆனால் ஈறுதான் மாரடைப்பைக் கொண்டுவந்தது என்பதற்கு நிரூபணம் இல்லை. புகை, சர்க்கரை, வயது மூன்றும் இரண்டு நோய்க்கும் பொதுவான காரணங்கள். அமெரிக்க இதயச் சங்கமும் 2012-ல் இதைத்தான் சொன்னது. ஈறைச் சரிசெய்தால் மாரடைப்பு வராது என்று யாராவது உறுதி கொடுத்தால் நம்ப வேண்டாம். ஈறுக்காகவே ஈறுக்கு வைத்தியம் பாருங்கள்.

செயற்கை வால்வு வைத்தவர்கள், முன்பு இதயத்தின் உள்ளுறையில் தொற்று வந்தவர்கள் விஷயம் வேறு. ஈறைச் சுரண்டும்போது ரத்தத்தில் நுழையும் கிருமி வால்வில் ஒட்டிக்கொள்ளலாம். அவர்களுக்கு 30 முதல் 60 நிமிடம் முன்பு 2 கிராம் அமாக்ஸிசிலின் கொடுப்பது வழக்கம். பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு வேறு மருந்து. நீங்களாக வாங்கிப் போட வேண்டாம்.

ஈறு தடிப்பதற்கு அம்லோடிபினே காரணமாக இருக்கலாம். வலிப்புக்குத் தரும் ஃபெனிட்டாயினும் இப்படிச் செய்யும். காரை நிறைய இருந்தால் தடிப்பு கூடும். அதனால் முதலில் சுத்தம் செய்துபார்த்து, குறையாவிட்டால் பிரஷர் மாத்திரையை மாற்ற முடியுமா என்று இதய டாக்டரைக் கேளுங்கள்.

கேள்வி: ஐந்தாம் மாதம். ஈறு வீங்கி ரத்தம் வருகிறது. பிள்ளை பிறக்கும்வரை பல்லில் கை வைக்கக் கூடாது என்கிறார் மாமியார்.
(வாசகி, திருவொற்றியூர்)

பதில்: தாராளமாகக் காரை எடுத்துக்கொள்ளலாம். ஹார்மோன் மாற்றத்தால் ஈறு எளிதில் வீங்கும் காலம் இது. 14 முதல் 28 வாரம் வரை நாற்காலியில் படுக்க வசதியாக இருக்கும், நீங்கள் இப்போது அதில்தான் இருக்கிறீர்கள். கர்ப்பம் என்பதை உள்ளே போனதும் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: காசிமேட்டிலிருந்து விசைப்படகில் போனால் கரை திரும்பப் பத்து நாள்கூட ஆகும். நல்ல தண்ணீர் குடிக்கவே அளவுதான். பீடி உண்டு, கீழுதட்டில் புகையிலையும் வைப்பேன். ரத்தம் வந்ததே இல்லை, ஆனால் பல் நீண்டுகொண்டே போகிறது.
(வாசகர், காசிமேடு)

பதில்: பல் வளரவில்லை, ஈறு இறங்குகிறது. பீடியிலுள்ள நிகோட்டின் ரத்தக் குழாயைச் சுருக்குவதால், நோய் முற்றினாலும் ரத்தம் வராது. எச்சரிக்கை மணியே அடிக்காமல் எலும்பு கரைந்துகொண்டிருக்கும். புகையிலை அடக்கும் இடத்தில் ஈறு தனியாக இறங்கியிருக்கும், பாருங்கள். அங்கே வெள்ளைத் திட்டோ புண்ணோ இரண்டு வாரம் ஆறாமல் இருந்தால், வாய் மூன்று விரல் அளவுக்குத் திறக்காவிட்டால், அடுத்த பயணத்தைத் தள்ளிவைத்துவிட்டுக் காட்டுங்கள்.

பல் தேய்க்கத் தண்ணீர் வேண்டியதில்லை. மென்மையான பிரஷில் பட்டாணி அளவு ஃப்ளோரைடு பேஸ்ட் வைத்து, பிரஷின் நார், ஈறும் பல்லும் சேரும் கோட்டில் 45 டிகிரி சாய்வாகப் படும்படி பிடித்து, சின்னச் சின்ன அசைவாக 2 நிமிடம் தேய்த்துத் துப்பிவிடுங்கள். வாயை அலசாமல் விட்டால் ஃப்ளோரைடு பல்லில் தங்கும், அது நல்லதுதான். இரவு ஒருமுறை அவசியம். கரிப்பொடி, செங்கல் பொடி வேண்டாம். இறங்கிய ஈறுக்குக் கீழே தெரியும் வேரை அவை அறுத்துவிடும்.

கேள்வி: காரை எடுத்தால் பல் ஆடும், சந்து விழும் என்கிறார்களே?
(வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை)

பதில்: சந்து ஏற்கெனவே இருந்தது, காரை அதை அடைத்துக்கொண்டிருந்தது. வீக்கம் வடிந்ததும் வெளியே தெரிகிறது. சில நாள் கூச்சம் இருக்கும். டாக்டர் குளோர்ஹெக்ஸிடின் 0.2% என்ற வாய் கொப்பளிக்கும் மருந்தைக் கொடுத்தால், 10 மில்லி எடுத்து ஒரு நிமிடம் கொப்பளித்துத் துப்புங்கள்; நாளுக்கு இரண்டு வேளை, பல் தேய்த்து அரைமணி கழித்து. இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால் பல் பழுப்பாகும், நாக்கில் ருசி கெடும்.

கேள்வி: சர்க்கரைக்கார அம்மாவுக்குக் கடைவாய்ப் பல்லருகே வீங்கியிருக்கிறது. ஒத்தடம் கொடுக்கலாமா?
(வாசகி, வியாசர்பாடி)

பதில்: வேண்டாம், அன்றே பல் டாக்டரிடம் காட்டுங்கள். மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிக் காத்திருக்காதீர்கள். வீக்கம் தாடைக்கு அடியில் இருபக்கமும் பரவினால், எச்சில் விழுங்க முடியாவிட்டால், குரல் மாறினால், நாக்கு மேலே தூக்கினால், மூச்சுப்பாதை அடைபடப் போகிறது என்று பொருள். நள்ளிரவானாலும் 108-ஐ அழைத்து ஸ்டான்லி மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள்.