பின்கதவு பொருந்தும்வரை கையெழுத்து வேண்டாம்

கேள்வி: அமெரிக்காவில் இருக்கிறோம். வெள்ளத்தில் சேதமான எங்கள் வீட்டை, மத்திய அரசின் பேரிடர் நிதியில் நடக்கும் மாநிலத் திட்டத்தில் பழுதுபார்த்திருக்கிறார்கள். சமையலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது, பின்கதவு பொருந்தவில்லை. "அடுத்த வாரம் வந்து பார்க்கிறேன், வேலை முடிந்ததென்று இப்போது கையெழுத்துப் போடுங்கள்" என்கிறார் கான்ட்ராக்டர். இதற்கிடையே காப்பீட்டுக் கம்பெனியிலிருந்து புதிதாக ஒரு செக் வந்திருக்கிறது. என்ன செய்வது?

பதில்: மாதக்கணக்கில் அலைந்தபின் எப்படியாவது முடிந்தால் போதும் என்றுதான் தோன்றும். ஆனாலும் இன்று கையெழுத்துப் போடாதீர்கள். நீங்கள் கையெழுத்திட்டால் வேலை முடிந்ததென்று நீங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும். பெரும்பாலும் கான்ட்ராக்டருக்குக் கடைசித் தவணைப் பணம் போவதும் அதை வைத்துத்தான். பணம் கைக்குப் போனபின் அந்த 'அடுத்த வாரம்' எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. குழாயையும் கதவையும் படமெடுத்து, குறைகளை எழுதி, இன்றே திட்ட அலுவலகத்தில் உங்கள் கேஸைப் பார்ப்பவருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். அவற்றைச் சரிசெய்தபின் இறுதி ஆய்வு வேண்டும் என்று கேளுங்கள். துணைக் கான்ட்ராக்டர்கள், பொருள் கொடுத்தவர்கள் எல்லோருக்கும் பணம் பட்டுவாடா ஆனதற்கான லியன் (பாக்கிக்காக வீட்டின் மேல் கோரும் உரிமை) விடுவிப்புக் கடிதங்களும் தேவை. கான்ட்ராக்டர் அவர்களுக்குப் பாக்கி வைத்தால், பல மாநிலங்களில் அது உங்கள் வீட்டின் மேல்தான் வந்து விழும். உத்தரவாதப் பத்திரத்தையும் கையோடு வாங்கிவிடுங்கள்.

சரி, செக். இதை மறைத்தால்தான் பெரிய சிக்கல். ஒரே சேதத்துக்கு இரண்டு இடத்தில் பணம் வாங்குவதை, மத்திய அரசின் பேரிடர் உதவிச் சட்டமான ஸ்டாஃபோர்ட் சட்டம் தடுக்கிறது. திட்டத்தில் சேரும்போது, பின்னால் வரும் காப்பீட்டுப் பணத்தைத் தெரிவிப்பதாக நீங்கள் கையெழுத்திட்டிருப்பீர்கள். அதற்காக முழுத் தொகையையும் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று பயப்பட வேண்டாம். செக்கோடு வந்த கடிதத்தைப் படியுங்கள். தேசிய வெள்ளக் காப்பீட்டில் கட்டடத்துக்கு 2,50,000 டாலர் வரை, வீட்டுப் பொருள்களுக்கு 1,00,000 டாலர் வரை என்று இரண்டும் தனித்தனி. சோபா, பீரோவுக்கு வந்த பணம் சுவர் பழுதுக்கான உதவியோடு மோதாது. கட்டடத்துக்கு வந்ததென்றால், திட்ட அலுவலகம் கணக்குப் பார்த்து எழுத்தில் பதில் தரும்வரை செலவழிக்காதீர்கள்.

வீடு வெள்ள அபாயப் பகுதியில் இருந்தால் வெள்ளக் காப்பீட்டை விட்டுவிடவே கூடாது. உதவி பெற்றபின் பாலிசியைக் காலாவதியாக விட்டால், அடுத்த வெள்ளத்தில் அந்த வீட்டைப் பழுதுபார்க்க மத்திய உதவி கிடைக்காது. 1994ல் வந்த சட்டத்தின் விதி இது. விற்கும்போது வாங்குபவருக்கும் இதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல் விற்று, அவர் காப்பீடு எடுக்காமல் மறுபடி உதவி பெற்றால், அரசுக்குத் திருப்பிக் கட்டும் பொறுப்பு உங்கள் தலையில் விழும்.

அப்புறம், குறிப்பிட்ட காலம் அந்த வீட்டிலேயே குடியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை உங்கள் ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். விற்கவோ வாடகைக்கு விடவோ யோசனை இருந்தால், கையெழுத்துக்கு முன்பே உள்ளூர் வழக்கறிஞரிடம் அந்தப் பத்திரத்தைக் காட்டிவிடுங்கள்.