நான்கு இருந்தது, மூன்றைக் காணோம்

கேள்வி: போன இதழில் டோக்கியோ நாட்களைப் பற்றி எழுதும்போது, "எங்கள் அறையில் நாலு பேரையும் பேசாமல் இருக்க வைத்த ஒரு பழைய டிவி கேம்" என்று ஒரு வரி எழுதிவிட்டு நழுவிவிட்டீர்கள். அது என்ன கேம்? எங்கே பிடித்தீர்கள்?
– திண்டுக்கல் வாசகர்

பதில்: நழுவவில்லை சார், பக்கம் முடிந்துவிட்டது. அப்போது நான் நிஷிகசாயில் இருந்தேன். டோக்கியோவில் நம்மவர்கள், குறிப்பாக கம்ப்யூட்டர் வேலைக்குப் போனவர்கள், கூட்டமாக வசிக்கும் பகுதி. ஒரு ஃபிளாட்டில் நாலு பிரம்மச்சாரிகள். ஊரிலிருந்து ஒருவன் மிக்ஸி தூக்கிக்கொண்டு வந்திருந்தான். ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட்தான். நம் மிக்ஸி அதில் முனகுமே தவிர, தேங்காயை அரைக்காது. அதற்கு ஒரு ட்ரான்ஸ்பார்மர் வாங்கத்தான் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த அகிஹபாரா போனேன்.

வாங்கிவிட்டுத் திரும்பும் வழியில் ஒரு பழைய கேம் கடை. வாசலில் ஒரு கூடை நிறைய சாம்பல் நிறக் கேசட்டுகள், நின்டெண்டோவின் பழைய டிவி கேம் பெட்டியான சூப்பர் ஃபேமிகாமில் செருகி ஆடுவது. பெட்டி கிடையாது, கையேடு கிடையாது, நம்மூர் நடைபாதைப் புத்தகக் கடை மாதிரி குவித்துப் போட்டிருந்தார்கள். அன்றைக்கு எனக்கு ஜப்பானிய எழுத்து வகைகளில் கதகானா மட்டும்தான் தெரியும். ஒரு கேசட்டின் மேல் 'டோகாபோன்' என்று எழுத்துக் கூட்டினேன். பக்கத்தில் ரோமன் எழுத்தில் நான்கு. நாலாம் பாகம் வரை வந்திருக்கிறதென்றால் சரக்கு இல்லாமலா இருக்கும்? எடுத்துவிட்டேன்.

எதையும் முதல் பாகத்திலிருந்து ஆரம்பிப்பது என் வழக்கம். அதனால் ஒன்று, இரண்டு, மூன்றைத் தேடி இரண்டு சனிக்கிழமை அலைந்தேன். கடைசியில் ஒரு கடைக்காரர் (அறுபது வயது இருக்கும்) இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேரே பெருக்கல் குறி போலக் குறுக்கே வைத்துக் காட்டினார். ஜப்பானில் அதற்கு 'இல்லை' என்று அர்த்தம். தீர்ந்துவிட்டதோ என்று நினைத்தேன். அப்புறம்தான் புரிந்தது, அப்படி எதுவுமே வெளிவரவில்லை. 1993 டிசம்பரில் ஆஸ்மிக் நிறுவனம் வெளியிட்ட 'கெஸ்ஸென்! டோகாபோன் ஓகோகு' என்ற அந்த நான்காம் நம்பர்தான் வரிசையின் முதல் விளையாட்டு. நாலு பேர் ஆடலாம் என்பதற்காக அந்த எண்ணைப் போட்டார்களோ என்னவோ. மறு வருடமே அடுத்தது வந்தது, அதன் பெயர் '3-2-1'. இந்த ஆட்களுக்கு எண்ணிக்கையில் ஏதோ கோளாறு. அதன் துணைத்தலைப்பைத் தமிழில் சொன்னால் 'புயலைக் கூப்பிடும் நட்பு'. அது மட்டும் சரியான பெயர்.

கேள்வி: டோகாபோனில் என்னதான் செய்ய வேண்டும்? தாயம் மாதிரி காய் நகர்த்துவதா, வாள் எடுத்துச் சண்டை போடுவதா?
– திருச்சி கல்லூரி மாணவர்

பதில்: இரண்டும். அதனால்தான் வம்பு. அந்த கேசட்டை நாங்கள் பாதி புரியாமல் ஆடினோம். விவரம் பிடிபட்டது பிளேஸ்டேஷன் 2-க்கு 2007-ல் வந்த 'டோகாபோன் கிங்டம்' வாங்கிய பிறகு. ஸ்டிங் என்ற நிறுவனம் செய்தது. அதை வைத்தே சொல்கிறேன்.

அரக்கர்கள் ஊர்களைப் பிடித்துக்கொண்டார்கள், வரி வருவது நின்றுபோனது, ராஜா அழுகிறார். ஊர்களை மீட்டு யார் அதிகம் பணம் சேர்க்கிறார்களோ அவருக்கு இளவரசியும் நாடும் என்று அறிவிக்கிறார். கவனியுங்கள், வீரனுக்கு இல்லை, பணக்காரனுக்கு. இப்படி வெளிப்படையாகப் பேசும் ராஜாவை நான் வேறெந்தக் கதையிலும் பார்த்ததில்லை.

திரையில் கட்டம் கட்டமாக ஒரு நாடு விரிந்து கிடக்கும். சக்கரத்தைச் சுற்றி, விழுந்த எண்ணுக்கு நடக்கிறீர்கள். வெறும் கட்டத்தில் நின்றால் அரக்கன் வருவான். ஜெயித்தால் அனுபவம் கூடும், அப்புறம் பலம் கூடும். ஊரில் அரக்கன் இருந்தால் அவனை அடித்து ஊரைச் சொந்தமாக்கிக்கொள்ளலாம், வாரக் கடைசியில் வரி வரும். இதுவரை எல்லாம் நல்ல பிள்ளை விளையாட்டு.

கூட ஆடுகிறவன் நிற்கும் கட்டத்தில் நீங்கள் போய் நின்றால் அவனோடும் சண்டை உண்டு. தாயத்தில் காயை வெட்டினால் காய் வீட்டுக்குப் போகும், அவ்வளவுதான். இங்கே வெட்டியவன் உட்கார்ந்து யோசித்துத் தண்டனை கொடுக்கலாம். பணத்தைப் பிடுங்கலாம், ஊரைப் பிடுங்கலாம், இரண்டும் வேண்டாமென்றால் தோற்றவனின் பெயரையே மாற்றிவிடலாம். எங்களில் ஒருவன், தஞ்சாவூர்க்காரன், சாது, கொசுவைக்கூட ஊதித்தான் விரட்டுவான். அவன் என்னை அடித்துப் போட்டுவிட்டு, கைக்கெட்டிய ஊரை விட்டுவிட்டு, என் பெயரை 'பொன்கொட்சு' என்று மாற்றினான். ஓட்டை வண்டி, உதவாக்கரை என்று பொருள். வாழ்க்கையிலேயே அவன் ஆர்வமாகக் கற்றுக்கொண்ட ஒரே ஜப்பானியச் சொல் அதுதான் என்று நினைக்கிறேன். அன்று ராத்திரி முழுக்கத் திரையில் அந்தப் பெயரோடு நடந்தேன்.

ஜப்பானியர்களே இதற்கு 'நட்பை உடைக்கும் கேம்' என்று பட்டம் கட்டியிருக்கிறார்கள். கடைசி இடத்தில் கிடப்பவனுக்கு இன்னொரு வழியும் வைத்திருக்கிறார்கள். பேயோடு ஒப்பந்தம் போட்டுக் கொஞ்ச நாளைக்கு அவனே அரக்கனாகி, மற்ற மூவரையும் துவம்சம் செய்யலாம். எனக்குத் தெரிந்து, இப்படித் தோற்றுக்கொண்டிருப்பவனைப் பார்த்து முன்னால் இருப்பவன் பயப்படும் விளையாட்டு ரொம்பக் குறைவு.

கேள்வி: பகடை, சக்கரம் என்று வந்துவிட்டாலே அதிர்ஷ்டம்தானே? இதில் மூளைக்கு என்ன வேலை?
– சேலம் வாசகி

பதில்: நானும் முதல் வாரம் இதைத்தான் சொன்னேன், தோற்றுக்கொண்டே. நடப்பது அதிர்ஷ்டம், ஒப்புக்கொள்கிறேன். சண்டை அப்படியில்லை. யார் முதலில் அடிப்பது என்பதற்குக் கவிழ்த்த சீட்டில் ஒன்றை எடுக்க வேண்டும். அதற்குப் பிறகு அடிப்பவன் சாதாரண அடி, மந்திரம், ஓங்கி ஒரே அடி என்று ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுப்பான். வாங்குபவன் தடுக்கலாம், மந்திரத்துக்குத் தனித் தடுப்பு போடலாம், அல்லது எதிரடிக்குக் காத்திருக்கலாம். ஓங்கி அடித்தால் தடுப்பு தாங்காது. ஆனால் எதிராளி எதிரடியில் இருந்தால் முழு அடியும் அடித்தவன் மேலேயே திரும்பும். சாதாரண அடிக்கு எதிரடி போட்டால் ஏமாந்தீர்கள்.

ஆக, எண்களைவிடப் பக்கத்தில் இருப்பவனைத்தான் படிக்க வேண்டியிருந்தது. எங்கள் அறையில் கடப்பாக்காரன் ஒருவன் ஓங்கி அடிக்கப் போகிறான் என்றால் கால் கட்டைவிரலை மடக்குவான். அதை நான் கண்டுபிடிக்க ஒரு மாதம் ஆனது, கண்டுபிடித்ததை யாரிடமும் சொல்லவில்லை. கம்ப்யூட்டரை எதிர்த்துத் தனியாக ஆடிப் பார்த்தேன், சப்பென்று இருந்தது. அதற்குக் கட்டைவிரல் இல்லையே.

கேள்வி: நம் பரமபதம் மாதிரி ஜப்பானில் பழைய விளையாட்டு உண்டா? அதிலிருந்து வந்ததா இது?
– ஸ்ரீரங்கம் வாசகி

பதில்: ஸ்ரீரங்கத்திலிருந்துதான் இந்தக் கேள்வி வர வேண்டும்! உண்டு, பெயர் சுகோரோகு. அந்தப் பெயரில் இரண்டு விளையாட்டுகள். ஒன்று பலகையில் காய் ஓட்டுவது, ரொம்பப் பழசு. சூதாட்டமாகப் போய், 689-லேயே அரசாணை போட்டுத் தடுத்திருக்கிறார்கள். இன்னொன்று படத்தில் ஆடுவது. அதில் 'ஜோதோ சுகோரோகு' என்று ஒரு வகை. பகடையின் ஆறு முகத்திலும் புள்ளிக்குப் பதில் புத்தர்களை வணங்கும் ஒரு வாசகத்தின் எழுத்துகள். ஏறினால் புத்தரின் தூய உலகம், சறுக்கினால் நரகம். வைகுண்ட ஏகாதசி ராத்திரி நீங்கள் உருட்டுவதற்கும் இதற்கும் சாமி பெயர்தான் வித்தியாசம். பிற்பாடு எடோவிலிருந்து (இன்றைய டோக்கியோதான்) கியோட்டோ போகும் தோகாய்டோ சாலையின் 53 நிறுத்தங்களையே கட்டமாக்கி ஆடினார்கள். புத்தாண்டுக்குக் குடும்பத்தோடு ஆடுவது வழக்கம்.

அந்தப் பழக்கம்தான் டிவிக்குள் புகுந்தது. 1991-ல் டெக்னோஸ் ஜப்பான் நிறுவனம், 'டபுள் டிராகன்' என்ற சண்டை கேம் செய்த அதே ஆட்கள், சூப்பர் ஃபேமிகாமுக்கு முந்தைய பெட்டியான ஃபேமிகாமுக்கு ஒரு கேம் விட்டார்கள். சுகோரோகுவின் கடைசி 'கு'வும், குவெஸ்ட் (தேடல்) என்ற ஆங்கிலச் சொல்லின் ஜப்பானிய உச்சரிப்பில் வரும் முதல் 'கு'வும் ஒன்றே. இரண்டையும் ஒட்டி 'சுகோரோகுவெஸ்ட்' என்று பெயர். நம் இலக்கண வாத்தியார் பார்த்திருந்தால் புணர்ச்சி விதி சொல்லியிருப்பார். 'டிராகன் குவெஸ்ட் 3' விளையாட்டை 1996-ல் சூப்பர் ஃபேமிகாமுக்கு மறுபடி செய்தபோது நடுநடுவே சுகோரோகு களங்களைச் சேர்த்தார்கள். அந்தக் களங்கள் கேம் பாய் கலர் என்ற கையடக்கப் பெட்டிக்கான பதிப்பிலும் இருந்தன. அது 2001-ல் ஆங்கிலத்தில் வந்தபோது மொழிபெயர்த்தவர்கள் அதற்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? பச்சீசி. இந்தியில் 25-ஐக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த, நம் தாயத்துக்கு ஒன்றுவிட்ட அண்ணன்.

கேள்வி: இப்போது கிடைக்குமா? உங்கள் நாலு பேரும் பேசிக்கொள்கிறீர்களா?
– பாளையங்கோட்டை வாசகர்

பதில்: பழைய சூப்பர் ஃபேமிகாம் கேசட்டுகள் ஜப்பானிய மொழியில் மட்டும்தான். 'கிங்டம்' 2008-ல் ஆங்கிலத்தில் வந்தது, அட்லஸ் நிறுவனம் வெளியிட்டது. 2023-ல் அதையே நின்டெண்டோ ஸ்விட்சுக்கு, ஊர் விட்டு ஊர் இணையத்தில் ஆடும்படி, மறுபடி விட்டிருக்கிறார்கள். வாங்கினால் மூன்று பேரைத் தேடிக்கொள்ளுங்கள். கல்யாணம் பேசி முடிக்காத சம்பந்தி வீட்டாரை மட்டும் கூப்பிட வேண்டாம்.

பேசிக்கொள்கிறோம். தஞ்சாவூர்க்காரன் போன தீபாவளிக்கு வீட்டுக்கு வந்திருந்தான். தன் போனை எங்கோ வைத்துவிட்டுத் தேடினான், நான் கூப்பிட்டுப் பார்த்தேன். சோபா இடுக்கில் மணி அடித்தது. எடுத்துத் திரையைப் பார்த்தேன். 'பொன்கொட்சு அழைக்கிறார்.'