எதுவும் வரையத் தோன்றாதபோது ஓவியக் கண்காட்சிக்குப் போனால் பலன் உண்டா?

உண்டு. ஆனால் எல்லா அறைகளையும் ஒரே நாளில் சுற்றிவந்தால் கால்வலிதான் மிச்சம்.

வேலை நேரம் போகச் சிறுவர் கதைகளுக்குப் படம் வரைகிறேன். முருங்கைக் கம்பளிப்பூச்சி பற்றிய கதை ஒன்று. மூன்று மாதமாகியும் ஒரு பக்கம்கூட உருப்படியாக வரவில்லை. அப்போது வாஷிங்டனில் அக்கா வீட்டில் இருந்தேன். என் மூஞ்சியைப் பார்க்கச் சகிக்காமல் அவள்தான் நியூயார்க் அவென்யூவில் உள்ள பெண் கலைஞர்களுக்கான தேசிய அருங்காட்சியகத்துக்குத் துரத்திவிட்டாள். 1987-இல் திறந்தது. கட்டடம் அதைவிடப் பழசு. பெண்களைச் சேர்க்காத ஃப்ரீமேசன் சங்கத்தாருக்காக 1908-இல் கட்டியதாம். சிரித்துக்கொண்டேதான் உள்ளே போனேன்.

கூட்டமெல்லாம் மெக்சிகோ ஓவியர் ஃப்ரீடா காலோ 1937-இல் ரஷ்யப் புரட்சியாளர் ட்ராட்ஸ்கிக்காக வரைந்த சுய உருவப்படத்தின் முன்னால். நானும் போட்டோ எடுத்தேன். மனசில் ஒன்றும் ஓடவில்லை. கிளாரா பீட்டர்ஸ் என்ற ஓவியர் வரைந்த பூனை, மீன்மேல் காலை வைத்துக்கொண்டு நிற்கும் தோரணைக்காகக் கொஞ்சம் பிடித்தது.

என்னை நிறுத்தியது மரியா சிபில்லா மெரியனின் ஒரு தாள். அன்னாசி, அதைச் சுற்றிக் கரப்பான்பூச்சி! 1699-இல், 52 வயதில், இளைய மகளோடு தென் அமெரிக்காவின் சுரினாமுக்குக் கப்பலேறிப் போய்ப் பூச்சிகளைப் பார்த்துப் பார்த்து வரைந்தவர். முட்டை, புழு, கூடு, வண்ணத்துப்பூச்சி, புழு தின்னும் செடி எல்லாம் ஒரே தாளில் இருப்பதுதான் அவர் பாணி. இலையில் கடித்த ஓட்டையைக்கூட விடமாட்டார்.

நானோ முட்டைக்கு ஒரு பக்கம், புழுவுக்கு ஒரு பக்கம் என்று பாடப்புத்தகம் மாதிரி பிரித்துப் பிரித்துச் சாகடித்துக்கொண்டிருந்தேன். அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து அந்தத் தாளைப் பென்சிலால் பிரதி எடுத்தேன், முக்கால் மணி நேரம். கண் பார்த்ததாக நினைத்ததில் பாதியைக் கை வரையும்போதுதான் பார்த்தேன். நீங்களும் நோட்டு இல்லாமல் போகாதீர்கள்.

அன்று ராத்திரியே ஒரு முருங்கை மரம் முழுசாக வந்துவிட்டது. இலையடியில் முட்டை, அடிமரத்தில் அப்பிக் கிடக்கும் புழுக்கள், வேரருகே மண்ணுக்குள் கூடு, மேலே பழுப்பு அந்துப்பூச்சி. ஓரத்தில், புழுக்களைக் கொளுத்தத் தீப்பந்தத்தோடு எங்கள் தாத்தா. அவரை அழிக்கச் சொல்லி அக்கா மகன் இன்னும் சண்டை போடுகிறான்.