இறங்கு பாதை மாரத்தான்: முழங்காலுக்கு முன் கவனிக்க வேண்டிய மாத்திரை

கேள்வி: எனக்கு 46 வயது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், சால்ட் லேக் சிட்டி அருகே வசிக்கிறேன். செப்டம்பரில் பிக் காட்டன்வுட் கேன்யன் என்ற மலைப் பள்ளத்தாக்கு வழியாக நடக்கும் மாரத்தானுக்குப் பதிவு செய்திருக்கிறேன். இன்னும் 12 வாரங்கள் இருக்கின்றன. இதுவரை பயிற்சி எல்லாம் ஜோர்டான் ஆற்றங்கரைப் பாதையில், சமதளத்தில்தான். சில மாதங்களாக மாடிப்படி இறங்கும்போது வலது முழங்காலின் முன்பக்கம் வலிக்கிறது. நீண்ட ஓட்டத்துக்கு முன் ஐபுப்ரோஃபென் இரண்டு மாத்திரை போட்டுக்கொண்டால் வலி தெரிவதில்லை. பிபிக்கு டெல்மிசார்டனும் ஹைட்ரோகுளோரோதயசைடும் கலந்த மாத்திரை தினமும் சாப்பிடுகிறேன். அப்பாவுக்கு 51 வயதில் மாரடைப்பு வந்தது. பாதை முழுக்க இறக்கம், அதனால் சுலபம் என்கிறார்கள் நண்பர்கள். ஓடினால் முட்டி தேய்ந்துவிடும் என்கிறார் அம்மா. டெக்சாஸிலிருந்து என் மைத்துனரும் ஓட வருகிறார். நான் ஓடலாமா?

பதில்: ஓடலாம் என்றே நினைக்கிறேன். ஆனால் நீங்கள் கேட்டது முழங்காலைப் பற்றி. கடிதத்தைப் படித்ததும் என் கண் போய் நின்றது அந்த இரண்டு ஐபுப்ரோஃபென் மாத்திரைகளில். முதலில் அதைப் பேசிவிடுவோம்.

ஓடும்போது ரத்தத்தின் பெரும்பகுதி கால் தசைகளுக்கும் தோலுக்கும் போய்விடுகிறது. சிறுநீரகத்துக்குக் கிடைப்பது குறைகிறது. அந்த நேரத்தில் சிறுநீரகம் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளைச் சுரந்து, தனக்குள் ரத்தம் நுழையும் நாளத்தை விரித்து வைத்துச் சமாளிக்கிறது. ஐபுப்ரோஃபென் அந்தச் சுரப்பைத்தான் தடுக்கிறது. உங்கள் டெல்மிசார்டன், ரத்தம் வெளியேறும் பக்கத்து நாளத்தைத் தளர்த்துகிறது. ஹைட்ரோகுளோரோதயசைடு உடம்பிலிருந்து உப்பையும் நீரையும் வெளியேற்றுகிறது. இந்த மூன்றோடு நான்கு மணி நேர வியர்வையும் சேர்ந்தால், சிறுநீரகத்தில் ரத்தம் வடிகட்டப்படத் தேவையான அழுத்தமே இல்லாமல் போகலாம். இந்த மூன்று வகை மருந்துகளும் ஒன்றுசேர்வதைப் பற்றி மருத்துவக் கல்லூரியிலேயே எச்சரித்துத்தான் எங்களை வெளியே அனுப்புகிறார்கள். பிபி மாத்திரை எதுவும் சாப்பிடாதவர்களுக்கும் இந்த ஆபத்து உண்டு. 80 கிலோமீட்டர் ஓடியவர்களிடம் நடத்தி 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், ஐபுப்ரோஃபென் எடுத்தவர்களில் 52 சதவீதம் பேருக்குச் சிறுநீரகப் பாதிப்பின் அறிகுறி ரத்தப் பரிசோதனையில் தெரிந்தது. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் அது 34 சதவீதம்.

அதனால் இன்றோடு அதை நிறுத்துங்கள். அட்வில், மோட்ரின், அலீவ் என எந்தப் பெயரில் வந்தாலும் இதே வகைதான். ஊரிலிருந்து வரும்போது வாங்கி வந்து அலமாரியில் வைத்திருக்கும் டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் மாத்திரைகளும் அப்படியே. பிபி மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அங்கே உங்களைப் பார்க்கும் மருத்துவரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள்: ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது), சோடியம், பொட்டாசியம் மூன்றும் இப்போது எப்படி இருக்கின்றன? பந்தய நாள் காலையில் மாத்திரையை எப்போது எடுப்பது? ஓடி முடித்த பிறகு எடுக்கச் சொல்லலாம், வேறு மாற்றமும் செய்யலாம். உங்கள் பிபி அளவைப் பார்த்து அவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

அடுத்தது இதயம். அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ 55 வயதுக்கு முன் மாரடைப்பு வந்திருந்தால் அதைத் தனி ஆபத்துக் காரணியாகவே கணக்கில் எடுக்கிறோம். உங்களுக்குப் பிபியும் இருக்கிறது. நம் தெற்காசிய மக்களுக்கு இதயநோய் சற்று இளம் வயதிலேயே வருகிறது என்பதும் தெரிந்ததே. பயமுறுத்தச் சொல்லவில்லை. அமெரிக்காவில் பத்து ஆண்டுகளில் மாரத்தானும் அரை மாரத்தானும் ஓடிய ஒரு கோடிக்கும் மேற்பட்டோரைக் கணக்கெடுத்தபோது, ஏறக்குறைய 1,84,000 பேரில் ஒருவருக்குத்தான் ஓட்டத்தின்போது இதயம் நின்றது. சராசரி ஓட்டக்காரருக்கு அது மிகச் சிறிய ஆபத்து. ஆனால் உங்கள் குடும்ப வரலாறு சராசரியானது இல்லை. டிஎம்டி எனப்படும் டிரெட்மில் பரிசோதனை, கொலஸ்ட்ரால், மூன்று மாதச் சர்க்கரை அளவு, லிப்போபுரோட்டீன் (a) என்ற, பரம்பரையாக வரும் கொழுப்பு வகை ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள். இதய ரத்தக்குழாய்க் கால்சியம் ஸ்கேன் தேவையா என்றும் கேளுங்கள். ஓடும்போது நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, மயக்கம், வழக்கத்துக்கு மாறான மூச்சிரைப்பு இவற்றில் ஒன்று இதற்குமுன் வந்திருந்தாலும் பரிசோதனை முடியும்வரை ஓடவே வேண்டாம்.

சரி, முழங்காலுக்கு வருவோம்.

நீங்கள் சொல்லும் வலி, முழங்கால் சில்லும் அதன் பின்னால் இருக்கும் தொடையெலும்பும் உரசும் இடத்தில் வருவதாகத் தெரிகிறது. படி இறங்கும்போது, குந்தி எழும்போது, சினிமாவில் நீண்ட நேரம் மடக்கி உட்கார்ந்திருக்கும்போது இது கூடும். பெரும்பாலும் எலும்புத் தேய்மானம் அல்ல. முன்தொடை, இடுப்புத் தசைகளின் வலு, ஓட்டத்தின் அளவுக்கு ஈடுகொடுக்காததால் வருவது. முட்டி வீங்கினால், நடுவில் பூட்டிக்கொண்டால், திடீரென மடங்கி விழப் பார்த்தால் கதை வேறு. அப்போது நேரில் காட்டியாக வேண்டும். வலி முட்டியின் வெளிப்பக்கத்தில், குறிப்பாக இறக்கத்தில் வந்தால், அது தொடையின் பக்கவாட்டுப் பட்டையால் வரும் இன்னொரு பிரச்சினை. இதையும் சொல்லிவைக்கிறேன், ஏனென்றால் இந்தப் பாதையில் அது பலருக்கு வரக்கூடியது.

அம்மாவிடம் ஒன்று சொல்லலாம். 2017-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், பொழுதுபோக்காக ஓடுபவர்களில் 3.5 சதவீதம் பேருக்கு இடுப்பு அல்லது முழங்கால் மூட்டுத் தேய்மானம் இருந்தது. ஓடாமல் உட்கார்ந்தே இருப்பவர்களில் அது 10.2 சதவீதம். போட்டிகளுக்காகவே கடுமையாக ஓடுபவர்களிடம் 13.3 சதவீதமாக ஏறியது. உங்களைப் போல ஓடுவதால் முட்டி தேய்ந்துவிடும் என்று அம்மா அஞ்ச வேண்டியதில்லை.

ஆனால் "இறக்கம், அதனால் சுலபம்" என்று நண்பர்கள் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். இந்தப் பந்தயம் கார்ட்ஸ்மன் கணவாய்ப் பக்கம் ஏறக்குறைய 9,700 அடி உயரத்தில் தொடங்கி, 5,000 அடிக்கு மேல் கீழே இறங்குகிறது. உலக சாதனைக்குக் கணக்கில் எடுக்கப்படும் மாரத்தான் பாதை மொத்தமாக 42 மீட்டருக்கு மேல் இறங்கக் கூடாது. இங்கே 1,500 மீட்டருக்கும் மேல். பாஸ்டன் மாரத்தான் அமைப்பாளர்களும் 2027 பந்தயம் முதல், தகுதிக்காகக் காட்டும் நேரம் 3,000 முதல் 5,999 அடி வரை இறங்கும் பாதையில் எடுத்ததாக இருந்தால், அதோடு 10 நிமிடம் கூட்டிவிடுகிறார்கள். இறக்கம் தரும் அந்த வேகத்துக்கு முன்தொடைத் தசைதான் விலை கொடுக்கிறது. மேட்டில் ஏறும்போது தசை சுருங்கிக்கொண்டே வேலை செய்யும். இறங்கும்போது, மலைப்பாதையில் பிரேக்கை மிதித்தபடியே இறங்கும் லாரியைப் போல, நீண்டுகொண்டே உடம்பின் எடையைப் பிடித்து நிறுத்த வேண்டும். அப்படி நீளும்போது தசை நார்களில் நுண்ணிய கிழிசல்கள் விழுகின்றன. வலி அன்றே முழுசாகத் தெரியாது; ஒன்று முதல் மூன்று நாள் கழித்துத்தான் உச்சத்துக்குப் போகும்.

இன்னொரு சிக்கல்: இறக்கத்தில் மூச்சு வாங்காது. இதயத்துடிப்பும் பெரிதாக ஏறாது. கையில் கட்டிய கடிகாரம் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்று காட்டும். செப்டம்பரில் மேலே ஆஸ்பென் மரங்கள் பொன்னிறமாகத் தொடங்கியிருக்கும், கீழே மேப்பிள் சிவந்திருக்கும், காலைக் குளிரில் கால்கள் தானாகப் பறக்கும். எச்சரிக்கை எதுவும் வராமலே பாதித் தூரம் போய்விடும். பள்ளத்தாக்கின் வாயைத் தாண்டிச் சமதளத்துக்கு வந்த பிறகுதான் தொடை இரண்டும் கைவிட்டுவிட்டன என்று தெரியும். அப்போது இன்னும் பல கிலோமீட்டர் மிச்சமிருக்கும், வெயிலும் ஏறியிருக்கும். இப்படித் தாமதமாக எச்சரிக்கும் ஓட்டத்தில், மிச்சமிருக்கும் ஒரே எச்சரிக்கையான முட்டிவலியையும் மாத்திரை போட்டு மறைப்பது எனக்குப் பிடிக்காததற்கு இதுவும் காரணம்.

நல்ல செய்தி, தசை இதைச் சீக்கிரம் கற்றுக்கொள்ளும். ஒருமுறை அளவாக இறக்கத்தில் ஓடி வலி வந்து ஆறினால், அடுத்த முறை அதே இறக்கம் பாதி வலியைக்கூடத் தராது. அந்தப் பாதுகாப்பு பல வாரம் நிற்கும். 12 வாரம் இதற்குப் போதும். முதல் இரண்டு வாரம் இறக்கமே வேண்டாம், முட்டியை ஆற விடுங்கள். ஒரு படியில் நின்று, ஒரு காலை மெதுவாக, மூன்று எண்ணும் நேரம் எடுத்துக் கீழே இறக்கி வைக்கும் பயிற்சி, சுவரில் சாய்ந்து உட்காரும் பயிற்சி, ஸ்குவாட், பக்கவாட்டில் படுத்துக் காலைத் தூக்குவது ஆகியவற்றை ஒருநாள் விட்டு ஒருநாள் செய்யுங்கள். பத்துக்கு மூன்றைத் தாண்டாத வலி வந்தால் பரவாயில்லை. மறுநாள் காலைக்குள் அடங்கிவிட வேண்டும்.

மூன்றாவது வாரத்தில், வழக்கமான ஓட்டத்தின் கடைசி இரண்டு கிலோமீட்டரை மிதமான சரிவில் ஓடுங்கள். அடுத்ததை ஒரு வாரம் பத்து நாள் இடைவெளி விட்டு, கொஞ்சம் நீட்டி. இப்படியே போய் எட்டாவது, ஒன்பதாவது வாரத்தில் 12 முதல் 15 கிலோமீட்டர் தொடர்ந்து இறங்கிப் பாருங்கள். வீட்டில் யாராவது காரில் மேலே கொண்டுபோய் விட்டுவிட்டுக் கீழே காத்திருக்கட்டும். பந்தயத்துக்கு முந்தைய மூன்று வாரம் கடும் இறக்கம் வேண்டவே வேண்டாம். அந்த 15 கிலோமீட்டரை மாத்திரை இல்லாமல் ஓட முடியவில்லை என்றால் இந்த ஆண்டு முழு மாரத்தானை விட்டுவிடுங்கள். அரை மாரத்தானுக்கு மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

ஓடும் விதத்தில் ஒரே ஒரு மாற்றம் சொல்கிறேன். ஒரு நிமிடத்தில் எத்தனை அடி வைக்கிறீர்கள் என்று எண்ணி, அதை ஐந்து முதல் பத்து சதவீதம் கூட்டுங்கள். அடி குட்டையாகும், பாதம் உடம்புக்கு நேர்கீழே விழும், முட்டியில் விழும் பாரம் குறையும். பின்னால் சாய்ந்து குதிகாலை ஊன்றி ஊன்றி இறங்குவதுதான் முட்டிக்குப் பெரிய கேடு. அப்புறம், கால் நகங்களை இரண்டு நாள் முன்பே ஒட்ட வெட்டிவிடுங்கள்.

மைத்துனருக்கு: சமவெளியிலிருந்து வருபவருக்கு அந்த உயரத்தில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன், கடல் மட்டத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய 70 சதவீதம்தான். மலைநோய் வர வழக்கமாகப் பல மணி நேரம் உயரத்தில் இருக்க வேண்டும். இங்கே சீக்கிரமே இறங்கிவிடுவதால் அதற்கு வாய்ப்பு குறைவு. ஆனால் முதல் சில கிலோமீட்டரில் மூச்சு வாங்கும். அவர் அங்கே நிதானமாகப் போகட்டும். சால்ட் லேக் சிட்டியே 4,200 அடிக்கு மேல் இருப்பதால் உங்களுக்கு ஓரளவு பழக்கம் உண்டு. இருட்டில் பஸ்ஸில் மேலே போய்க் காத்திருக்கும் நேரம் இருவருக்குமே நடுங்கும்; பழைய ஸ்வெட்டர், கையுறை, தொப்பி எடுத்துப் போங்கள். குளிரில் பிபி ஏறும் என்பதால் உங்களுக்கு அது கூடுதல் அவசியம்.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் "நிறையக் குடியுங்கள்" என்ற பழைய அறிவுரையைக் கேட்காதீர்கள். 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைப் பார்த்ததில் 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடும் அளவுக்குத் தண்ணீர் குடித்ததுதான் முக்கியக் காரணம். உங்கள் மாத்திரையில் இருக்கும் தயசைடும் தன் பங்குக்குச் சோடியத்தைக் குறைக்கும். தாகத்துக்குக் குடியுங்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் கட்டாயமாக ஒரு கோப்பை என்று வேண்டாம். தலைவலி, வாந்தி, குழப்பம், விரல்கள் உப்புதல் வந்தால் தண்ணீரை நிறுத்திவிட்டு மருத்துவக் கூடாரத்துக்குப் போங்கள்.

முடிந்த பிறகு மூன்று நாள் படி இறங்குவது கஷ்டமாகத்தான் இருக்கும். அது இயல்பு, மெதுவாக நடங்கள், அப்போதும் ஐபுப்ரோஃபென் வேண்டாம். வலி பொறுக்கவில்லை என்றால் டைலனாலை (நம் ஊர் பாராசிட்டமால்) அளவோடு எடுக்கலாம். ஆனால் சிறுநீர் பால் கலக்காத டீயின் நிறத்திலோ கோலா நிறத்திலோ போனாலும், எட்டு மணி நேரமாகச் சிறுநீரே வராவிட்டாலும், தொடை கல்லாக வீங்கினாலும், தசை சிதைந்து அதன் கழிவு சிறுநீரகத்தை அடைக்கிறது என்று அர்த்தமாகலாம். அன்றிரவே அவசரப் பிரிவுக்குப் போங்கள். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். பந்தய எண் அட்டையின் பின்பக்கத்தில் உங்கள் மாத்திரையின் பெயர், அளவு, அப்பாவின் மாரடைப்பு, மனைவியின் தொலைபேசி எண் எல்லாவற்றையும் முதல் நாள் இரவே பேனாவால் எழுதிவிடுங்கள். மைத்துனரையும் எழுதச் சொல்லுங்கள்.